நடுச் சாவியின் நிழல்

டிசைனருக்கு ஐம்பத்தாறு வயது. இல்லாத பொருளை இருப்பதுபோலக் காட்டுவதுதான் அவர் தொழில். மரச்சாமான் கடைக்காரர் ஒருவர் புதிதாக எதைச் செய்ய நினைத்தாலும், மரத்தில் கை வைப்பதற்கு முன்பே அவருக்கு அதன் படம் வேண்டும். படத்தைக் காட்டி ஆர்டர் பிடித்துவிட்டுத்தான் தச்சரைக் கூப்பிடுவார். விவரமான மனுஷர். அந்தப் படங்களை டிசைனர் தன் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரில் செய்து அனுப்புவார். ஏழு வருஷமாக அதுதான் பிழைப்பு.

மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மகன் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை ‘சாப்டீங்களாப்பா’ என்று மெசேஜ் வரும். ‘சாப்டேன்’ என்று இவர் அனுப்புவார். அத்தோடு அந்த வாரத்துப் பாசம் முடிந்தது. காலையிலிருந்து சாயங்காலம்வரை வாயைத் திறக்க ஒரு முகாந்திரமும் கிடையாது. குரல் இன்னும் இருக்கிறதா என்று சில நாள் கனைத்துப் பார்த்துக்கொள்வார். சிரிக்காதீர்கள். நாலு நாள் யாரோடும் பேசாமல் இருந்து பாருங்கள், தெரியும்.

அவருக்கு ஃபோன் செய்கிற ஒரே ஆள் கடைக்காரர்தான், அதுவும் படத்தில் தப்பு இருந்தால். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சுவர்க் கடிகாரத்தில் எட்டு என்ற எண் இரண்டு இடத்தில் வந்துவிட்டது. அது நிஜமாகவே கவனப்பிசகு.

“என்ன தம்பி, உன் கடிகாரத்துல எட்டு மணி ரெண்டு தடவ வருமா? எனக்கு ஒரு தடவ வந்தாலே கடையத் தொறக்க முடியல!” என்று ஆரம்பித்தார் கடைக்காரர். அங்கிருந்து முழங்கால் வலி, மருமகனின் வீம்பு, கடை வாசலில் குட்டி போட்ட பூனை என்று நாற்பது நிமிஷம். டிசைனர் “உம்” கொட்டினார், இரண்டு முறை சிரித்தார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

அதற்குப் பிறகு எந்தப் படமும் தப்பில்லாமல் போனதில்லை. அலமாரிக் கதவில் ஒரு கைப்பிடி இருக்காது. நாற்காலியின் ஒரு கால் தரையைத் தொடாது. பார்த்தவுடன் தெரியவும் வேண்டும், ஒரு நொடியில் திருத்தவும் முடிய வேண்டும். தப்பைக்கூட அவ்வளவு பொறுப்பாகச் செய்தார், பைத்தியக்கார மனுஷர்.

இந்த முறை வந்தது, சுவரில் மாட்டும் சாவி ஸ்டாண்ட். வீட்டு வடிவத்தில் ஒரு பலகை, ஓரத்தில் செதுக்கிய கொடி, கீழே ஐந்து கொக்கி. பழைய மேஜை ஒன்றின் படத்திலிருந்து மரத்தின் ரேகைகளை எடுத்துப் பலகைக்குப் போர்த்தினார். கொடியின் உட்புறத்தை இருட்டாக்கி, விளிம்புக்கு வெளிச்சம் கொடுத்ததும் இலைகள் உளியால் செதுக்கியதுபோல எழுந்து நின்றன. ஒரு சாவியை வரைந்து ஐந்தாக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் சாய்த்தார். வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது, அதனால் நிழல்கள் வலப்பக்கம் விழுந்தன. நடுச் சாவியின் நிழலை மட்டும் இடப்பக்கம் தள்ளிவிட்டு, பத்தரை மணிக்கு அனுப்பினார்.

பிறகு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிக்கப் போகும்போதும் எடுத்துப்போய் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று மணிக்கு அது அடித்தது.

“சொல்லுங்கண்ணே!” குரலில் இருந்த சந்தோஷம் அவருக்கே கூச்சமாக இருந்தது.

“தம்பி, நடுச் சாவிக்கு நிழல் தப்புப் பக்கம் விழுது.”

“அடடா. பாக்கலண்ணே. கால் வலி இப்ப எப்படி இருக்கு?”

“அது கிடக்கு. நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. உன் வேலைய யாரும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா ரெண்டு வருஷமா ஒரு படம்கூட சுத்தமா வரல. ஒவ்வொண்ணுக்கும் ஃபோன் போட்டு ஃபோன் போட்டு எனக்கும் அலுத்துப்போச்சு. அடுத்த மாசத்துலேர்ந்து மருமகனுக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுகிட்ட குடுக்கலாம்னு இருக்கேன்.”

டிசைனர் ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினார். உண்மையைச் சொல்லிவிடலாம். உங்கள் குரலைக் கேட்கத்தான் அண்ணே, தப்பை வேண்டுமென்றே வைத்தேன். எந்த வாயால் சொல்வது? கிறுக்கன் என்றல்லவா நினைப்பார்.

“கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குண்ணே” என்றார்.

“அதை முன்னாடியே சொல்ல வேண்டாமா? டாக்டரைப் பாருப்பா, விட்டுடாத. சரி, இதைத் திருத்தி அனுப்பிடு.”

ஒன்றரை நிமிஷம்கூடப் பேசவில்லை.

டிசைனர் நிழலைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துவிட்டார். ஒரு இழுப்பு, அவ்வளவுதான் வேலை. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒவ்வொரு கொக்கியையும் ஒவ்வொரு இலையையும் பெரிதாக்கிப் பார்த்தார். எங்கேயும் ஒரு குறை இல்லை. அனுப்பினார்.

கடைக்காரரிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. இனி அவர் ஃபோன் செய்வதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.