மிளகை மறித்த கிரிக்கெட்

பிளாக்செயின் கம்பெனியில் இருப்பவருக்குப் பாதி நாள் வேலையிலும், மீதி நாள் அது என்ன வேலை என்று வீட்டாருக்கு விளக்குவதிலும் போய்விடும். சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

கப்பல் போன நாள்

எங்கள் ஆபீஸ் மட்டாஞ்சேரியில், சுலைமான் இக்காவின் மிளகு குடோனுக்கு மேல்மாடி. அவர் சரக்கு கைமாறுவது எங்கள் பிளாக்செயினில், அதாவது யாரும் திருத்த முடியாத பொதுக் கணக்கில், பதிவானால்தான் வெளிநாட்டுப் பார்ட்டி கப்பலில் ஏற்றச் சொல்வான். அதே பிளாக்செயினில், ஆளாளுக்கு ஒரு டீம் அமைத்து ஆடும் கிரிக்கெட் விளையாட்டுச் செயலியும் ஓடியது. எல்லாப் பதிவும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வரிசை. மேட்ச் அன்று ஊரே விளையாட்டில் குவிந்தது. மிளகு பின்னால் மாட்டிக்கொண்டது, கப்பல் போய்விட்டது. இக்கா மாடியேறி வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அடுத்த லோடும் இப்படிப் போச்சுன்னா அந்தப் பார்ட்டி என்னை விட்டுருவான் மோளே. கிரிக்கெட் களிக்கிறவனுக்குப் பின்னாடி என் மிளகு எதுக்கு நிக்கணும்?"

எல்லாரும் தொட்ட எண்

நானும் என்னோடு வேலை பார்க்கும் ஜின்சியும் இரண்டு செயலிகளையும் பிரித்தோம். மிளகின் பதிவைக் கிரிக்கெட் தொடாது, கிரிக்கெட்டை மிளகு தொடாது. ஒன்றையொன்று தொடாதவை ஒரே நேரத்தில் ஓடலாமே! ஓட்டிப் பார்த்தோம். பழையபடி வரிசை. தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

கடைசியில் ஜின்சி சுவரில் இருந்த டிவியைக் காட்டினாள். 'இதுவரை மொத்தப் பதிவுகள்' என்று அதில் ஓர் எண் ஓடும். முதலாளி தோமஸ் சார், வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பூரித்துப்போவார். எந்தச் செயலியின் பதிவானாலும் அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டிவிட்டுத்தான் நகரும்.

"ரூமெல்லாம் தனித்தனியா கட்டிட்டு, வாசலை ஒண்ணா வச்சிருக்கோம் சேச்சி!"

சாரின் டிவி

அந்த எண்ணையே எடுத்துவிட வேண்டும் என்று சாரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். பாவம், டிவியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"எடுத்துரு. ஆனா டிவியை மட்டும் ஆஃப் பண்ணாதே, அதுல எதாவது ஓடணும்."

மறுபடியும் மேட்ச்

அடுத்த லோடு கிளம்பிய அன்றும் மேட்ச். சாரின் டிவியில் இப்போது அதுதான் ஓடியது. ஜின்சி மேட்சைப் பார்க்கவில்லை, நகத்தைக் கடித்துக்கொண்டு மிளகின் பதிவையே பார்த்தாள். சாயா ஆறுவதற்குள் பதிவு முடிந்து, கீழே லாரி நகர்ந்தது. நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டோம். இக்கா சாயாவும் பழம்பொரியும் வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று எழுந்து நின்றேன். போனை நீட்டினார்.

"மிளகு போயாச்சு மோளே, சந்தோஷம். ஆனா இந்தக் கிரிக்கெட்ல என் டீம் மட்டும் இன்னும் பதிவாகலையே, ஒண்ணு நோக்கு!"

வரிசையை ஒழிப்பது எங்களால் ஆகிற காரியமில்லை, அவரவரை அவரவர் வரிசையில் நிறுத்தியதற்கே பழம்பொரி கிடைத்தது.