பத்தரை மணிக்கு இரண்டு இடம்

எந்த அட்டவணை கைக்கு வந்தாலும் அவள் கடைசி வரியிலிருந்துதான் படிப்பாள். ஆறாம் வகுப்பில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். சலவைக்கடையில் நாள் முழுக்கத் துணி தேய்த்துவிட்டு வரும் அம்மா, பல வருஷம் இதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஊரே மேலேருந்து படிக்குது. நீ என்னடி கீழேருந்து ஏணி ஏறுற?"

"பரீட்சை என்னைக்கு முடியுதுன்னு தெரிஞ்சாதானேம்மா எந்தப் போட்டிக்குப் போகலாம்னு தெரியும்."

"ரெண்டும் ஒரே நாள்ல வந்தா?"

"அது எப்படிம்மா வரும்."

வந்தது. கல்லூரியில் முதலாம் ஆண்டு, கல்லூரிகளுக்கிடையிலான போட்டியன்று உள்தேர்வு. இரண்டாம் ஆண்டு போட்டியை மழை தள்ளிப்போட, அது நேராகப் பருவத்தேர்வின் மேல் போய் விழுந்தது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் அவள். பரீட்சையை விட்டுவிட்டு ஓடு என்று சொல்லவும் ஆளில்லை, ஓட்டத்தை விட்டுவிட்டுப் படி என்று சொல்லவும் ஆளில்லை. இரண்டையும் அவளே தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு முறையும் பரீட்சைக்குத்தான் போனாள்.

மூன்றாம் ஆண்டுதான் கடைசி. இதை விட்டால் அந்தக் கல்லூரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட இன்னொரு நாள் கிடையாது.

நான்கு நூறு மீட்டர் தொடரோட்டம். நான்கு பேரும் நான்கு துறை. ஓடும் வரிசையில் கணக்கு, வரலாறு, வேதியியல், வணிகவியல். ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுவதும் அப்படியே. வேதியியல்தான் நம்மவள். நால்வருக்கும் பொதுவாக ஓய்வு மணி என்று வாரத்தில் ஒன்றுகூட இல்லை. அதனால் பதினோரு மணி இடைவேளையில், நூலகத்தின் முன்னால் இருக்கும் நீண்ட நடைவழியில்தான் பயிற்சி. முன்னால் ஓடுகிறவள் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். பின்னால் வருகிறவள் கட்டையை அதில் அறைய வேண்டும். நூலகர் இரண்டு முறை புகார் எழுதினார்.

அந்த இடைவேளையிலும் யாராவது ஒருத்தி வகுப்பில் மாட்டிக்கொள்வாள். அந்தக் காலி இடத்தில் நிற்க பீரோ வருவாள். பீரோ குண்டு எறிகிறவள். அந்தப் பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டவள்: "தள்ளினா நகர மாட்டேன், உள்ள நிறைய விஷயம் இருக்கு." ஒரு வருஷம் இப்படி நின்று நின்று நால்வரின் கைமாற்றமும் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது.

போட்டித் தேதி வந்தது. இந்த முறை தங்கள் கல்லூரி மைதானத்திலேயே. தகுதிச் சுற்று காலை பத்தரை, இறுதிச் சுற்று மாலை நான்கு. அதே நாள் பத்து மணி முதல் ஒரு மணி வரை அவளுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு.

துறைத்தலைவர் கையை விரித்தார். "வெளியிலேருந்து வர்ற தேர்வாளர் ஒரே ஒரு நாள்தான் வர்றார். தேதி போட்டது பல்கலைக்கழகம். என்கிட்ட அழுது என்ன பண்றது?"

அவள் அழவில்லை. போட்டி விதிகளை எடுத்துப் படித்தாள். போட்டியில் ஏற்கெனவே பெயர் கொடுத்த யாரும் ஒரு சுற்றில் மாற்று ஆளாக ஓடலாம்; அடுத்த சுற்றில் பழைய ஆள் திரும்பி வரலாம். மனசு துள்ளியது. இரண்டிரண்டு படியாகத் தாவி பீரோவிடம் ஓடினாள்.

"காலையில எனக்குப் பதிலா நீ ஓடு. முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா போதும், மத்ததைச் சாயங்காலம் நான் பாத்துக்கறேன்."

"நானா? ஏண்டி, ரயில் இன்ஜினை எடுத்து ரோட்டுல விடறியா?"

"நூறு மீட்டர்தானே. குண்டு போடறப்ப உனக்கு இருக்கற வேகம் எங்க யாருக்கும் இல்லை."

"முடியிறது நூறு மீட்டர்லதான். நிக்கறதுக்கு இன்னொரு நூறு வேணும்." கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி, விடு. ஓடறேன்."

குண்டு எறிதல் காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது என்பது வேதியியலின் கையில் இருந்த அதே போட்டித் தாளில் அச்சாகியிருந்தது. அவள் அதைப் படித்திருந்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பீரோவும் திறக்கவில்லை.

அன்று காலை ஆய்வகத்தில் இருபது பேர். ஜன்னலுக்கு வெளியிலேயே மைதானம். காரத்தைக் கண்ணாடிக் குழாயிலிருந்து துளித்துளியாகக் குடுவைக்குள் சொட்டவிட்டு, இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும் கணத்தில் குழாயின் திருகை மூட வேண்டும். ஒலிபெருக்கி தொடரோட்டத்துக்குப் பெயர் கூப்பிடுவது கேட்டது. அவள் விரல் திருகின் மேல் இருந்தது. இன்னும் நாலு துளி. மூன்று.

துப்பாக்கி வெடித்தது.

பத்து வருஷமாக அந்தச் சத்தத்துக்குக் கிளம்பிப் பழகிய உடம்பு. கால் தரையை உதைத்தது, கை திருகை முழுக்கத் திறந்துவிட்டது. குடுவை குங்குமமாகிவிட்டது.

"என்னம்மா இது, தேர்வா, ரத்த தானமா?" என்றார் தேர்வாளர்.

"இன்னொரு தடவை பண்றேன் சார்."

ஆய்வக உதவியாளர் புதுக் குடுவை கொண்டுவந்து வைத்துவிட்டு, துடைக்காத ஜன்னலைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றுகொண்டார்.

"ரெண்டாவது பொண்ணு வருது… அஞ்சாவதா வருது," என்றார் உதடு அசையாமல்.

"கட்டை, அண்ணே?"

"குடுத்தாச்சு. யம்மா, அந்தப் பெரிய பொண்ணு என்ன ஓட்டம் ஓடுது. மைதானமே அதிருது. ஒருத்தியத் தாண்டிருச்சு… இன்னொருத்தி…"

ஆய்வகத்தில் பத்தொன்பது குடுவைகள் அசையாமல் நின்றன. தேர்வாளர் செருமினார், செருமிக்கொண்டே ஜன்னல் பக்கம் இரண்டடி நகர்ந்தார்.

"மூணாவது," என்றார் தேர்வாளரே. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாருங்க," என்றார்.

மறுமுறை சரியான துளியில் திருகை மூடினாள். முடித்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

மாலை நான்கு மணிக்கு வளைவில் நின்று கையைப் பின்னால் நீட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கட்டை உள்ளங்கையில் அறைந்த நொடியில் மூன்று வருஷமும் சேர்ந்து காலுக்குள் இறங்கியது போலிருந்தது. எத்தனை பேரைத் தாண்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. வணிகவியலின் கையில் கட்டையை வைத்தபோது முன்னால் ஒருத்திதான் இருந்தாள். இரண்டாமிடம். தொடரோட்டப் பரிசுக்காகக் கல்லூரியின் பெயர் ஒலிபெருக்கியில் ஏறியது அதுவே முதல் தடவை. கணக்கு தலைகீழாக நின்றாள். வரலாறு அழுதாள். மேடையேறிய நால்வருக்கு நான்கு பதக்கம்.

பீரோ குண்டு எறியும் வட்டத்தருகே உட்கார்ந்து மணிக்கட்டுத் துணியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எத்தனையாவது?"

"ஒம்பது."

"எட்டுப் பேருக்குத்தானே மேற்கொண்டு எறிய விடுவாங்க."

"எனக்கும் எண்ணத் தெரியும்டி. ரெண்டு எறி போட்டுட்டு ஓட வந்தேன். திரும்பிப் போறதுக்குள்ள மூணாவதுக்குப் பேரு கூப்பிட்டு முடிச்சிட்டாங்க." விரலைக் காட்டினாள். "இவ்வளவுதான் கம்மி."

அவளுக்கும் அதுவே கடைசி வருஷம். வேதியியல் தன் பதக்கத்தைக் கழற்றி நீட்டினாள்.

"இது எதுக்கு எனக்கு? நான் போடாத எறி ஒண்ணு நிக்குது. அதைக் குடு."

சொல்லிவிட்டுப் பீரோ வயிறு குலுங்கச் சிரித்தாள். இவளும் சிரித்தாள், பாதியில் நின்றுவிட்டது.

இன்று இவள் ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பீரோ ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வருஷத்துக்கு நாலு தடவை ஃபோன் வரும். நலம் விசாரிக்கும் முன்னால், "எங்கடி என் எறி?" என்பாள் பீரோ. தேதி போட்டவர்கள்மேல் பழியைப் போட இவளும் முயன்று பார்த்தாள், பாதிதான் ஒட்டியது. "தர்றேன்டி, தர்றேன்," என்கிறாள் ஒவ்வொரு முறையும். ஏழு வருஷமாகிறது.