கழுத்தில் மேசை சுமந்த சீனர்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த கிங்ஸ்பரியில் எங்களோடு இருந்த சித்தப்பாவின் வாயில் ‘தெரியாது’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை என்னை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சுவர் நிறையச் சின்னச் சின்னச் சீன ஓவியங்கள். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் ஊருக்கு வாங்கிப்போவதற்காக அந்தக்காலச் சீன ஓவியர்கள் வரைந்து விற்றவையாம். முடி வெட்டுகிறவர், செருப்புத் தைக்கிறவர், காதுக் குறும்பி எடுக்கிறவர் என்று படத்துக்கு ஒரு தொழிலாளி. எல்லோரையும் பக்கத்து வீட்டுக்காரர்போலச் சித்தப்பா அளந்துகொண்டே வந்தார்.

கடைசிப் படத்தில் இருந்தவரின் கழுத்தைச் சுற்றிப் பெரிய சதுரப் பலகை. தலை மட்டும் மேலே தெரிந்தது. இவருக்கு என்ன தொழில் என்று கேட்டேன். சித்தப்பா கீழே எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தார்.

“இவர் பலகாரக்காரர். மேசையைக் கழுத்திலேயே கொண்டு திரியிறார்.”

எனக்கு அந்த ஆளை மிகவும் பிடித்துப்போனது. மறுநாள் வீட்டுக்கு விருந்தினர் வந்தபோது, பெரிய அட்டையில் ஓட்டை போட்டுத் தலையை நுழைத்து, மேலே உளுந்து வடைகளை அடுக்கிக்கொண்டு ஹோலுக்குள் போனேன். கைதட்டினார்கள். எனக்கும் ஒரு வடை தின்ன ஆசை வந்தது. என்ன செய்தும் கை வாய்க்கு எட்டவில்லை.

“ஏலாமல் கிடக்கு, ஆராவது வாயில தீத்திவிடுங்கோ!” என்று கத்தினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. பாய்ந்து வந்து அட்டையைக் கிழித்தெறிந்தார். என்னை ஒருநாளும் அடிக்காத அப்பாவின் முகத்தைப் பார்த்து நான் பின்னால் நகர்ந்தேன்.

“இதை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?”

பயத்தில் சித்தப்பாவைக் காட்டினேன். காட்டியபிறகுதான், அவரை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்று தோன்றியது.

“படத்தைக் காட்டிச் சின்னப்பிள்ளை கேட்டால் வேற என்னத்தைச் சொல்லுறது, அண்ணை?” என்றார் சித்தப்பா.

அப்பா தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துப் பிய்த்து எனக்குத் தீத்தினார். மீதியைச் சித்தப்பாவின் வாயில் வைத்தார். சித்தப்பா மென்றுகொண்டே அழுதார். இவ்வளவு பெரிய ஆள் ஒரு வடைக்கு அழுவாரா என்று நான் திகைத்து நின்றேன். எப்படியோ சண்டை தீர்ந்தது, சித்தப்பா போகமாட்டார் என்று நிம்மதியாகவும் இருந்தது.

படத்தில் இருந்தவர் தொழிலாளி அல்ல, கை வாய்க்கு எட்டாதபடி கழுத்தில் பலகை பூட்டித் தண்டிக்கப்பட்ட கைதி என்பது அன்று எனக்குத் தெரியாது. ஊரில் தடுப்பு முகாமில் கைகள் கட்டப்பட்டுக் கிடந்த அப்பாவுக்கு, கூடவே பிடிபட்ட சித்தப்பாதான் சோறு தீத்தினார் என்பதும் தெரியாது.