கப்பல் பெயின்ற் அடித்த அறை

என் மூத்த மகள் பிறந்த முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கைக் கழிக்க வேண்டும். அதற்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் வழக்கம். என் கணவர் கப்பல் பெயின்ற் அடித்தார்.

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன காலம். அவர்கள் கழித்துவிட்ட சாமான்கள் ஏலத்துக்கு வந்து, நாங்கள் இருந்த ஓர்ஸ் ஹில்லில் பாதி வீடுகளுக்குள் புகுந்திருந்தன. சிலருக்கு இரும்புக் கட்டில், சிலருக்குக் கன்வஸ் துணி. இவருக்கு இரண்டு பீப்பாய் சாம்பல் நிறப் பெயின்ற். உப்புக் கடலில் நிற்கும் இரும்புக்குப் பூசுவதைப் பச்சைப்பிள்ளை படுக்கும் அறைக்குப் பூசலாமா என்று ஒருவரிடமாவது கேட்டாரா? இல்லை. எங்களை இரண்டு நாள் விறாந்தையில் பாய் கட்டி மறைத்துப் படுக்கவிட்டு, தானே நின்று அடித்து முடித்தார்.

"தடவிப் பாரும், கண்ணாடி மாதிரிக் கிடக்கு. ஆயுசுக்கும் உரியாது" என்றார்.

உள்ளே போனதும் எனக்கு மூக்கு எரிந்தது. பின்னேரம் தலை இடித்தது. யன்னலைத் திறக்கப் போனேன். பிள்ளைப்பேற்றுக்கு உதவியாகப் பாலையூற்றிலிருந்து வந்து நின்ற அவருடைய தமக்கை மறித்தார்.

"பிள்ளைப்பெத்த உடம்பில காத்துப் பட்டா சன்னி வந்திடும். முப்பத்தொண்டு முடியட்டும்."

"மணம் தாங்க ஏலாமக் கிடக்கு மச்சாள்."

"பொறும், சாம்பிராணி போடுறன்."

போட்டார். பூட்டிய அறை, பெயின்ற் நாற்றம், அதற்கு மேல் புகை. நானும் வாயை மூடிக்கொண்டு கிடந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

அடுத்த நாள் காலை பிள்ளை பால் குடிக்கவில்லை. நெஞ்சு குழிவிழ மூச்சை இழுத்தாள். உதடு கறுத்திருந்தது. நான் எழும்பி யன்னலைத் தள்ளினேன். அசையவில்லை. யன்னல் கதவும் நிலையும் சேரும் இடத்தையும் விடாமல் பூசி ஒட்டியிருந்தார் மனிதர். அதற்குப் பிறகு நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, துடக்கோடேயே, தெருப் படலையைத் திறந்து வாசலில் போய் நின்றேன். அங்கேதான் கடற்காற்று நேரே வரும்.

அவர் பின்னால் ஓடி வந்தார். "சனம் பாக்குது, உள்ளுக்கு வாரும்."

"பாக்கட்டும். உங்கட பிள்ளை மூச்சு விடுறதையும் பாக்கட்டும்."

வெயில் ஏறும்வரை நின்றேன். மெல்ல மெல்ல உதட்டில் சிவப்பு வந்தது. எனக்குச் சன்னி வரவில்லை. யன்னலைப் பிறகு தச்சர் வந்து உளியால் வெட்டித்தான் திறந்தார். ஆனால் மகளை மூச்சிழுப்பு விடவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் ஓடியபோது இவள் மர நிழலில் இருந்தாள். பெயின்ற்றால்தான் என்று எந்த டொக்டரும் எனக்கு எழுதித் தரவில்லை. எனக்கு எழுத்து வேண்டாம், நான் பக்கத்தில் கிடந்தவள்.

போன மாதம் அவள் தன் தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்தாள். இவர் சந்தோஷமாக அந்த அறையைக் கூட்டித் துடைத்து, சுவரைத் தடவிக் காட்டினார்.

"பிள்ளையோட இதுக்குள்ளேயே படுக்கட்டும். பாரும், நான் சொன்னனான், இன்னும் உரியேல்ல."

மகளின் கட்டிலை நான் விறாந்தைக்கு இழுத்தேன்.

"ஓம், நல்ல அறை. நீங்களே படுங்கோ. யன்னலை நான் பூட்டிவிடுறன்."