வெள்ளிக்கிழமைத் தாகம்

கரும்புச் சோகை மேல் மல்லாந்து கிடந்த அக்காவைத் தொட்டபோது என் கை சுட்டது. அதுதான் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. செல்லிப்பட்டுப் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில் பங்குனி வெயிலில் வெட்டு. சோகை கிழிக்காமலிருக்கப் புருஷனின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து வெட்டியவள் உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. சொம்பை வாயில் வைத்தோம். பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். "பாதை முடியட்டும்டி" என்று குழறினாள். அப்புறம் கண் செருகிவிட்டது.

அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டுப் பெண்கள் அந்த நாளில் ஒருசந்தி நோன்பு இருப்போம். சோறு மட்டுமல்ல, சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை முடியும்வரை தண்ணீரும் பல்லில் படாது. சிலுவையில் ஆண்டவர் பட்ட தாகத்தில் நமக்கும் ஒரு பங்கு என்று அம்மா பழக்கியது. தண்ணீர் குடித்தால் ஒருசந்தி முறியாது என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லத்தான் சொன்னார். "அவரு ஃபேனுக்கு அடியில நிக்கிறாரு, அவருக்கு இன்னாடி தெரியும் தாகம்?" என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சர்க்கரை, மாத்திரை போடவேண்டும், அதனால் விலக்கு. அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தாள். "ரெண்டு பேரும் ஒரே கரும்புலதான் கெடக்குறோம். உனக்கு மட்டும் எப்பிடிடி சக்கரை வந்துது?"

டவுன் ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்துச் சூட்டை இறக்கினார்கள். மறுநாள் கண் திறந்தாள். பிழைத்துவிட்டாள் என்று மாதாவுக்கு ஜெபமாலை சொன்னேன். ஆனால் மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் கொஞ்சமாக வந்து, பிறகு நின்றே போனது.

"இத்தினி வருசமா இதே வெயிலு, இதே ஒருசந்திதானே டாக்டரம்மா. அப்பல்லாம் ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டேன். சின்ன வயசு டாக்டர். நின்று பொறுமையாகச் சொன்னார். "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு வகைப் புரதம் இருக்கும்மா. சூடு ஏறினா அது நிறைய உண்டாகும். மத்த புரதம் சுருண்டு கெட்டுப்போகாம புடிச்சிக்கும். வெயில்ல பழகின உடம்புல அது தயாரா இருக்கும். அதுதான் உங்க அக்காவ இவ்ளோ நாள் காப்பாத்தியிருக்கு. தண்ணி இல்லாம வேர்வை நின்னு, சூடு எறங்காமலே இருந்தா அதுவும் தோத்துடும். தசை கரைஞ்சு கிட்னிய அடைச்சிடுச்சு. வெந்த முட்டைய மறுபடியும் பச்சையாக்க முடியாதில்லையா?"

ஆளுக்கொரு காவல் சம்மனசு, வானதூதர், உண்டு என்று ஞானோபதேச வகுப்பில் படித்தவள் நான். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆண்டவர் காவல் வைத்திருக்கிறார் என்பது அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில்தான் தெரிந்தது. அவர் வைத்த காவலைக் களைத்து விழச் செய்வது அவருக்கு எப்படிக் காணிக்கையாகும்? அதை நினைத்து அழுதேன்.

அடுத்து வந்த நாட்களில் அக்கா தண்ணீர் கேட்டாள். ஓயாமல் கேட்டாள். மூத்திரம் போகாத உடம்புக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்கவேண்டுமாம். அந்த அளவைக் கொடுத்துவிட்டு, பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பேன். அதை உறிஞ்சுவாள். மிஷினில் ரத்தம் சுத்தம் பண்ணியும் ஈரல், நெஞ்சு என்று ஒவ்வொன்றாகக் கெட்டது. கடைசியாக, "பாதை முடிஞ்சிடுச்சாடி? ஒரு வாயி தண்ணி குடு" என்றாள். "முடிஞ்சிடுச்சிக்கா" என்று நர்ஸம்மா அனுமதித்த ஒரு மடக்கை வாயில் விட்டேன். முழுங்கத் தெம்பில்லை. கடைவாயில் வழிந்து தலையணையில் இறங்கியது. புனித வாரம் பிறக்குமுன் அடக்கம் செய்தோம்.

இப்போது ஊரில் அவளைப் புனிதவதி என்கிறார்கள். சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஆண்டவரிடம் போனவள் என்று பேசுகிறார்கள். இந்தத் தவக்காலத்தில் என் மகளும் வெட்டுக்கு வந்தாள். முதல் வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் சொம்பை நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பெரியம்மா குடிச்சாங்களா?"

"கேட்டாடி. கடைசியா அதத்தான் கேட்டா."