பேர் கூப்பிடும் சங்கம்

தார்ப்பாய்க்கென்று ஒரு வாசனை உண்டு. மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் மடிக்கப்பட்டு, மடிப்புக்குள் சாமந்தி இதழும் ஊதுபத்திச் சாம்பலும் மாட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் மூலையில் கிடந்த தார்ப்பாயை உதறிப் பிரிக்கும்போது வருகிற வாசனை அது. திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த வாசனை எழுந்தால் தெருவில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கு சொல்லிவிடும். யார் என்பது பிறகுதான் தெரியும். அதற்குள்ளேயே எனக்குப் பசிக்கும். அந்தப் பசியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் அப்பா கலியபெருமாள் கூட்டுறவுப் பண்டகசாலையில் குமாஸ்தா. எங்கள் தெருவின் 'பந்தல் சங்க'த்துக்குச் செயலாளரும் அவர்தான். முப்பத்திரண்டு வீடுகள், இந்து வீடும் கிறிஸ்தவ வீடுமாகக் கலந்தவை. துக்கம் நடந்தால் ஒரு வீடு பந்தல் கட்டும், ஒரு வீடு டீ போடும், ஒரு வீட்டுக்காரர் திட்டக்குடி, விருத்தாசலம் என்று பஸ் ஏறிப் போய் உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு வருவார், ஒரு வீடு துக்க வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போடும். பாடையோ சவப்பெட்டியோ, தூக்குவது மட்டும் எல்லாருடைய வேலை. பெயர்ப் பலகை கிடையாது, பதிவு எண் கிடையாது. அப்பாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது, அவ்வளவுதான்.

எடுப்பதற்கு முன்னால் 'பேர் கூப்பிடுவார்கள்'. அப்பா பந்தலுக்கு நடுவில் நின்று நோட்டைப் பிரித்து, வீட்டு வரிசைப்படி ஒவ்வொரு பெயராகப் படிப்பார். அந்தந்த வீட்டு ஆண் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்தவர் தோளும் கொடுக்க வேண்டும் என்பதுதான் சங்கத்தின் சட்டம். இறந்தவர் உறுப்பினராக இருந்தால் அவர் பெயரும் அதனிடத்தில் வரும். அப்பா அதையும் அதே குரலில் படிப்பார், ஒரு மூச்சு விடுகிற நேரம் நிறுத்துவார், பிறகு அடுத்த பெயருக்குப் போவார். பெயரை அடிப்பது தை மாதக் கூட்டத்தில்தான். அதுவரை அந்த வருஷத்தில் விழுகிற ஒவ்வொரு சாவிலும் போன ஆளின் பெயர் கூப்பிடப்படும், பதில் வராது. ஒரு ஐப்பசி மழையில் அப்படி நான்கு பெயர்கள் சேர்ந்துவிட்டன. மற்றப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும், எங்கே பதில் வந்துவிடுமோ என்று பயந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன்.

"என்னாத்துக்குப்பா செத்தவங்களப் போயி கூப்புடற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடிக்கற வரைக்கும் அவுங்களும் மெம்பருதான். பதிவேடு இல்லன்னா அது சங்கமில்ல, வெறுங் கும்பலு" என்றார் அப்பா.

நான் இப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். அமைப்பு என்றால் என்ன, அதன் வகைகள் யாவை என்பது ஒவ்வொரு வருஷமும் எனக்கு வந்துசேருகிற முதல் பாடம். ஒரு பொது நோக்கத்துக்காகச் சேர்ந்து, வேலையைப் பிரித்துக்கொண்டு, விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறவர்களின் கூட்டு என்று சொல்லிக்கொடுக்கிறேன். தனியாள் வணிகம், கூட்டாண்மை, கூட்டுறவுச் சங்கம், அறக்கட்டளை, கம்பெனி என்று கட்டம் போட்டுக் காட்டுகிறேன். கம்பெனிக்குச் சாவு கிடையாது, உறுப்பினர்கள் எல்லாரும் செத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது உயிரோடு இருக்கும் என்று சொல்லும் இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ நீள நோட்டைப் பிரிக்கிற மாதிரி இருக்கும்.

எனக்குப் பதினோரு வயதான ஆடி மாதம் அது. ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது வாசனை வந்தது. கூடத்தில் தார்ப்பாயை உதறிக்கொண்டிருந்தவர் அப்பா இல்லை, எதிர்வீட்டு டேவிட் மாமா. ரயில்வேயில் வேலை பார்த்தவர், அப்பாவுக்கு எல்லாவற்றிலும் கூட்டாளி. வழக்கம்போல "யாரு மாமா?" என்று கேட்டேன். அவர் தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு வந்து என் தலைமேல் கையை வைத்தார். பண்டகசாலையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த அப்பா அப்படியே உட்கார்ந்து, சாய்ந்துவிட்டாராம்.

மறுநாள் மத்தியானம் டேவிட் மாமாதான் பேர் கூப்பிட்டார். "கலியபெருமாள்" என்று படித்தார். அப்பா விடுகிற இடைவெளியைவிட ரொம்ப நேரம் நின்றார். யாரோ இருமினார்கள். நான் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் சங்கக் கூட்டம். என் அம்மா அஞ்சலாட்சி பால்வாடியில் சமையல் வேலை பார்த்தவள், அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: அப்பா பெயரை அடித்தால் அந்த இடத்தில் தன் பெயரை எழுத வேண்டும், எங்கள் வீடு நோட்டிலிருந்து போய்விடக் கூடாது. நான் ஒரே பெண், அண்ணன் தம்பி கிடையாது. ஆண் இல்லாத வீட்டுக்குப் பெயர் இல்லை என்பது யாரும் எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்த விதி.

அன்றைக்குப் பார்த்து, சங்கத்தைப் பதிவு செய்வது பற்றிப் பேச ஒரு வக்கீலை அழைத்திருந்தார்கள். பதிவு செய்தால் மண்டபம் கட்டிக்கொள்ள இடம் கிடைக்கும் என்று பேச்சு. அவர் சங்கமாகப் பதியலாம், அறக்கட்டளையாகப் பதியலாம், கூட்டுறவாகக்கூடப் பதியலாம் என்று அடுக்கிக்கொண்டே போய்க் கம்பெனியில் வந்து நின்றார். "பொணம் தூக்கறதுக்குக் கம்பெனியா சார்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, கூட்டமே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது அம்மா எழுந்து நின்று தான் கேட்க வந்ததைக் கேட்டாள்.

யாரும் கடிந்து பேசவில்லை. அதுதான் கொடுமை. "ஒங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க வராம இருந்துடுவமா அக்கா? நோட்டுல பேரு இருந்தா என்ன, இல்லன்னா என்ன?" என்று பெரியவர்கள் ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள்.

"வர்றது வேற, கூப்புடறது வேற" என்றாள் அம்மா. "பாவம் பாத்து வர்றதுக்கு எனக்குச் சங்கம் வேணாம். எங்க வூட்டயும் கூப்புடணும்."

பிறகு பார்க்கலாம் என்று அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். ஆனால் டேவிட் மாமா ஒன்று செய்தார். அந்த வருஷத்து மற்றப் பெயர்களையெல்லாம் அடித்தார், அப்பா பெயரை மட்டும் அடிக்கவில்லை. வக்கீல் பட்டியல் கேட்டபோதும் நோட்டில் இருந்ததை இருந்தபடியே எழுதிக் கொடுத்தார். பதிவான சங்கத்தில் என் அப்பா, இறந்து ஆறு மாதத்துக்குப் பிறகு, புதிதாக உறுப்பினர் ஆனார்.

டேவிட் மாமா நல்லதைத்தான் நினைத்தார். ஆனால் அதற்குப் பிறகு தெருவில் விழுந்த ஒவ்வொரு சாவிலும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பந்தலில் நிற்பேன், பெயர்கள் நெருங்கி வரும், எங்கள் வீட்டுக்கு முந்தின வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். "கலியபெருமாள்." அவர் எங்கேயோ பக்கத்தில் நின்று பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்றே எனக்குத் தோன்றும். மூன்று வருஷம் இப்படிப் போனது. அம்மா மட்டும் ஒரு சாவு விடாமல் போவாள், டீ போடுவாள், பாத்திரம் கழுவுவாள், அந்தப் பெயர் வரும்போது தலை குனியாமல் நிற்பாள்.

பிறகு டேவிட் மாமாவின் மனைவி மேரி அத்தை இறந்துபோனார். அப்பா இறந்த வாரம் முழுக்க எனக்குத் தலை வாரிவிட்டுச் சோறு போட்டவர் அவர். தன் மனைவியின் பெட்டி பக்கத்திலேயே நின்று மாமா பேர் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் குரலைக் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை. "கலியபெருமாள்" என்றார்.

"இருக்கேன்."

சொன்னது நான்தான். நினைத்துச் சொல்லவில்லை, அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "குரல் குடுத்தாச்சு, தோள் குடுக்கணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் இடது பக்கம் போய் நின்றாள்.

டேவிட் மாமா நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். "கலியபெருமாள் வூட்டு ஆளு வந்தாச்சு, தூக்குங்கப்பா" என்றார். கல்லறை வரைக்கும் அம்மா தோள் மாற்றவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவள் தோளில் ரத்தம் கட்டியிருந்தது; நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா போனபிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அதன்பின் சிதம்பரத்தில் எனக்கு வேலை கிடைத்து நாங்கள் தெருவை விட்டு வருகிறவரை, அப்பாவின் பெயருக்கு அம்மாதான் குரல் கொடுத்தாள், ஒவ்வொரு முறையும் தூக்கினாள். இந்து வீட்டு எடுப்பில் தெருமுனை வரை, அதற்கு மேல் பெண்கள் போகக் கூடாது என்றார்கள். அவளும் சரி என்றுவிட்டாள்.

போன புரட்டாசியில் அம்மா காலமானாள். சிதம்பரத்தில் நாங்கள் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் ஒரு சங்கம் உண்டு, தலைவர், துணைத்தலைவர் எல்லாம் உண்டு. வாட்ஸப் குழுவில் கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. லிப்ட் சின்னது என்பதால் ஸ்ட்ரெச்சரைப் படிக்கட்டில் இறக்க வேண்டியிருந்தது. நான் கிட்டே போனேன். "நகருங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்றார் பிண வண்டியோடு வந்த இருவரில் ஒருவர். நகர்ந்துகொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பழைய தெருவில் சொல்லிவிட்டு வரலாம் என்று திருப்பாதிரிப்புலியூர் போனேன். டேவிட் மாமா போய்ப் பல வருஷமாகிறது. தெருவில் முக்கால்வாசி முகங்கள் புதுசு. சங்கம் இருக்கிறது, இரண்டு மாடி மண்டபமாக, பெரிய பலகையோடு. சங்கமாகப் பதிந்தது நடுவில் அறக்கட்டளையாக மாறியிருக்கிறது. உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பையன் மரியாதையாக எழுந்து நின்றான். அம்மா பெயரைச் சொன்னேன், தேடினான். "அப்பிடி யாரும் இல்லீங்களே மேடம்." அப்பா பெயரைச் சொன்னேன். உடனே வந்தது.

"இருக்காரு மேடம். ஆக்டிவ் மெம்பரு. நல்லா இருக்காருங்களா?"

"எனக்குப் பதினோரு வயசுல போயிட்டாருப்பா."

அவன் பாவம், பதறிவிட்டான். "எடுத்துடறேன் மேடம்" என்றான். அம்மா பெயரைச் சேர்க்க முடியுமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "உயிரோட இருந்தாதான் மேடம் சேக்க முடியும். வேணும்னா ஒங்க பேரப் போட்டுக்கலாம், இப்பல்லாம் லேடீஸும் சேரலாம்" என்றான்.

"சேந்தா என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம் மேடம். க்ரூப்புல சேத்துவுடுவோம்."

"யாராச்சும் செத்துட்டா?"

"க்ரூப்புல போட்டுடுவோம் மேடம். வண்டி வந்துடும்."

அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். அப்பா இருந்த இடத்துக்குக் கீழ்வரிசைப் பெயர் ஏறிக்கொண்டது. அந்தச் சங்கத்தில் என் அம்மா ஒருநாளும் இருந்ததில்லை என்று இப்போது கணக்கு நேராகிவிட்டது. அவள் யார் யாரையெல்லாம் தூக்கினாள் என்று அந்தப் பையனிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கியவர்கள் இரண்டு பேர். அவர்கள் பெயர் என்னவென்று நான் கேட்கவே இல்லை.