ஆழத்து வலியும் அதிகாலை வலியும்

சங்கு குளிக்கிறவனுக்கு மூட்டு வலித்தால் எங்கள் பக்கம் முதலில் டாக்டரைத் தேடமாட்டார்கள், மறுபடியும் கடலுக்குள் இறக்கிவிடுவார்கள். கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு ஆழத்தில் கிடந்துவிட்டு அவசரமாக ஏறி வந்தால் தோளிலும் முழங்கையிலும் வலி பிடிக்கும். இன்னொரு தடவை கீழே போய் மெதுவாக ஏறினால் விட்டுவிடும் என்பது தூத்துக்குடிக் கடலில் பலருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். காலையில் பேஸ்ட் மூடியைத் திருக முடியாமல் பல்லால் கடிக்கிறவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்ம ஆள்தான்.

கடல் வைத்தியம்

எனக்கு முதலில் பிடித்தது விரல்கள். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம். விடிந்ததும் சட்டைப் பொத்தானைப் போட முடியாது, மனைவி ரோஸ்லின்தான் போட்டுவிடுவாள். இதைப் பெரியப்பா மகன் இன்னாசி அண்ணனிடம் சொன்னேன். ஒரே வள்ளத்தில் நாங்கள் இருவரும் மாறி மாறி இறங்குவோம். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலே கயிற்றைப் பிடித்திருப்பார். கயிற்றை இரண்டு தரம் இழுத்தால் தூக்கு என்று அர்த்தம். கடலுக்குள் எங்களுக்கு இருந்த பேச்சு அவ்வளவுதான்.

அவர் யோசிக்கவே இல்லை. நேற்று அவசரப்பட்டு ஏறியிருப்பேன் என்று தீர்ப்புச் சொல்லி இறக்கிவிட்டார். காலை பத்து மணிவாக்கில் ஏறி வந்தபோது விரல் நிஜமாகவே இளகியிருந்தது! வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்த நேரத்துக்கு இளகியிருக்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? இன்னாசி அண்ணனுக்கு ஒரே பெருமை. "பாத்தியால? கடல் குடுத்த வலிய கடலே வாங்கிக்கிட்டு!"

இரண்டு இழுப்பு

வலி வந்தால் இறங்குவது என்றே சில வாரங்கள் ஓடின. மணிக்கட்டும் கால்முட்டியும் சேர்ந்துகொண்டன. சோறு இறங்கவில்லை, சாயங்காலமானால் அடித்துப்போட்ட மாதிரி அசதி. ஒரு சனிக்கிழமை காலை, கீழே மணலைத் துழாவிக்கொண்டிருக்கும்போது வாய்க்கு வந்த காற்று திடீரென்று மெலிந்தது. குழாய் எங்கோ மடங்கியிருக்க வேண்டும். கயிற்றைப் பிடித்தேன். பிடித்தேன் என்று சொல்வது தப்பு, தொட்டேன். விரல் மூடவில்லை. கயிறு உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி தொட்டேன், மறுபடியும் நழுவியது. உறிஞ்சினால் காற்றே இல்லை. வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததில்லை.

கடைசியில் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டு உடம்போடு பின்னால் சாய்ந்து இழுத்தேன். வள்ளத்தில் தூக்கிப் போட்ட பிறகு வெகுநேரம் இருமிக்கொண்டே கிடந்தேன். இன்னாசி அண்ணன் முகம் வெளிறிப்போயிருந்தது. "மொதல்ல நீ இழுத்தது எனக்குத் தெரியவே இல்லல. ஏதோ மீனு ஒரசுதுன்னு நெனச்சேன்."

கோயிலில் என்ன ஆழம்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போகமாட்டோம், பூசைக்குப் போவதோடு சரி. திங்கட்கிழமை விடிந்தபோது விரல்கள் மரக்கட்டையாகியிருந்தன. இன்னாசி அண்ணன் வாசலுக்கே வந்துவிட்டார். இது பிடிவாதமான வலி, இன்னும் நாலைந்து பாகம் ஆழமான இடத்துக்குப் போனால்தான் விடும் என்றார்; கயிற்றை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுத் துணைக்குத் தானும் இறங்குவதாகச் சொன்னார். இறங்க எனக்கு மனமே இல்லை. ஆனாலும் வேறு வைத்தியம் தெரியாததால் சட்டையை மாட்டினேன்.

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த ரோஸ்லின் பாதியிலே கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்துத் திரும்பினாள். "சனிக்கெழம சாயந்தரம் இந்தக் கை மடங்கிச்சு. நேத்து கோயிலுக்குப் போனதத் தவிர எங்கயும் போவல. இன்னைக்குப் பூட்டிக்கிட்டு நிக்கி. கோயிலுக்குள்ள எத்தன பாகம் ஆழம் கெடக்கு, சொல்லுங்க அத்தான்?"

டாக்டரம்மாவின் கட்டைவிரல்

மூட்டுநோய் பார்க்கிற டாக்டரம்மா என் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். அழுத்திய இடமெல்லாம் கத்தினேன். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளின் சவ்வையே தாக்குகிறதாம். விட்டுவைத்தால் எலும்பை அரிக்கும், கண், நுரையீரல் வரைக்கும் போகலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்குவதும், காலையில் வெகுநேரம் இறுகிக் கிடப்பதும் அதன் அடையாளம். ஆழத்து வலி வேறு. அதற்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும் என்றார்.

இன்னாசி அண்ணனும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்தார். மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் திருப்பிச் சொல்லவைத்தார். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தோம். இவன் எப்போது இறங்கலாம் என்று அண்ணன் மெல்லக் கேட்டார். "வைத்தியத்த நான் பாத்துக்கிடுதேன். இவர தண்ணிக்குள்ள இறக்குதத நீங்க நிறுத்துங்க."

கை மடக்கு

மாதக்கணக்கில் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையுமாகப் போனது. வீக்கம் வடிந்தது, பெரும்பாலான நாட்களில் கை மூடுகிறது. ஆனால் நான் இறங்குவதில்லை. இன்னாசி அண்ணன் இறங்குகிறார், நான் கயிறு பிடிக்கிறேன். வள்ளம் தள்ளுவதற்கு முன் என் முன்னால் வந்து நின்று கையை மடக்கிக் காட்டச் சொல்வார்.

போன மாதம் ஒரு காலை, சங்கு நிறையக் கிடைக்கிற நல்ல சங்குபாட்டுச் சமயம், விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. இறுக்கிப் பிடித்து மறைத்துவிடலாமா என்று நினைத்தேன். அன்றைக்குக் கயிறு உள்ளங்கையில் வழுக்கியது ஞாபகம் வந்தது. "இன்னைக்கு மடங்கலண்ணே" என்றேன். நெற்றியில் முகமூடியை மாட்டியிருந்தவர் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். "பத்து மணிக்குப் பொறவு பாப்போம். மடங்கலன்னா நாளைக்கு. சங்குக்கு என்ன காலா இருக்கு, ஓடிப்போவ?"

இப்போதெல்லாம் என் விரலைப் பற்றி ரோஸ்லினையும் முந்திக்கொண்டு விசாரிப்பவர் அவர்தான்; விசாரிக்கமாட்டாரா, கயிற்றின் மறுமுனையில் கிடப்பவர் அவராயிற்றே!